பதினேழாம் இலக்க வீட்டின் பயனாளி

ஊவா மலையகக் குடியிருப்பு உரித்துச் சபை இந்த ஆண்டு காகிதத்தை ஒழித்தது. ஒழித்துவிட்ட செய்தியைத் தெரிவிக்கும் சுற்றறிக்கை பதினொரு பக்கம். மும்மொழியிலும் அச்சாகி, நானூறு பிரதி எடுக்கப்பட்டு, வெலிமடையிலிருந்து பெரகல வரைக்கும் ஆள் வைத்து ஒட்டப்பட்டது.

அதன் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த விஷயம் இதுதான். மண்சரிவு அபாயமுள்ள தோட்டத்து லய வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரத்து நூற்று நாற்பது குடும்பங்களில் எவருக்கு எந்த இலக்க வீடு என்ற பட்டியல் தயாராகிவிட்டது. தவிசாளர் அதில் கையெழுத்திட்டுவிட்டார். கையெழுத்திட்ட நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதன்பின் பட்டியல் இறுதியானது. பட்டியல் சபையின் இணையதளத்தில் மட்டுமே வெளியிடப்படும்.

சபைக்கு இணையதளம் கிடையாது என்பது பன்னிரண்டாம் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். அப்படியொரு பக்கம் அச்சாகவில்லை.

சதீஸ்குமார் பண்டாரவளையில், பேக்கரிக்கு மேலேயுள்ள ஓர் அறையில் கணினி திருத்துகிறவன். அவனுடைய தாய் இராக்கம்மா பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை நிறுக்கும் பழைய கொழுந்து மடுவத்தில், பதினான்கு மாதமாக ‘தற்காலிகமாக’ இருந்தாள். நான்கு குடும்பங்கள், நடுவில் சுவருக்குப் பதில் உரச்சாக்கு. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் நாற்பத்தைந்து நாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

ஆறாம் நாள் சதீஸ்குமார் பதுளைக்குப் போய்ச் சபை அலுவலகத்தின் கவுண்டர் முன் நின்றான். உள்ளே ஷம்ரா என்ற எழுதுவினைஞர் இருந்தாள்.

“மிஸ், பட்டியலப் பாக்கணும்.”

“வெப்சைட்ல ஈக்கி.”

“வெப்சைட் எங்க இருக்கு?”

“இன்னும் இல்ல.”

“அப்ப பட்டியல்?”

“வெப்சைட்ல ஈக்கி.”

அன்றைக்கு அவள் இதைச் சொன்ன முப்பத்தோராவது ஆள் அவன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, குரலைத் தாழ்த்தினாள். “உள்ளுக்கு இரும்பு அலுமாரில ஈக்கி. சாவி தவிசாளர்ட்ட. நானே இன்னும் பாக்கல்ல. நீங்க என்ன வேல?”

“கம்ப்யூட்டர் ரிப்பேர்.”

“யா அல்லாஹ், நல்ல நேரத்துல வந்தீங்க. சேர்வர் வாங்குற கமிட்டிக்கு வெளிநிபுணர் ஒராள் போடணும்னு சட்டம். சம்பளம் இல்ல. டீ ஈக்கி.”

வெளிநிபுணர் அந்த நிமிடமே பதவி ஏற்றார். உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு நாளில் இணையதளம் ஏறிவிடும், தாயின் பெயரைப் பார்த்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டான். அவனுக்கு வயது இருபத்தொன்பது. அதை மன்னிக்கலாம்.

ஒன்பதாம் நாள் கமிட்டி கூடியது. தலைமை, தவிசாளர் அழகர். தொழிற்சங்க மேடைகளில் முப்பது வருடம் பேசிப் பேசி, சாதாரணமாக ‘டீ ஆறிடுச்சு’ என்று சொல்வதற்கும் கை உயர்த்துகிறவர். தொழில்நுட்பப் பிரிவுக்குப் பொறுப்பு, இராசையா. ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினியை அவர் நம்புவதில்லை. அதனாலேயே அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் ஏமாற மாட்டார் என்று சபை கருதியது. மூன்றாவது உறுப்பினர் வேறொரு கூட்டத்தில் இருந்தார். கதை முடியும் வரை அங்கேதான் இருப்பார்.

சதீஸ்குமார் ஒரே ஒரு தாள் எழுதிக் கொண்டு போயிருந்தான். பட்டியல் நாற்பது பக்கம். ஒரு கல்யாண போட்டோவின் எடைகூட இல்லை. ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்து பார்த்தால் அதிகம். இதற்குச் சொந்தமாக சேர்வரே வேண்டாம். மாத வாடகைக்கு இடம் எடுக்கலாம். இன்று பணம் கட்டினால் நாளை காலையில் பட்டியலைப் பார்க்கலாம்.

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, இந்த வாடகை எடம்னு சொல்றீங்களே, அதுல நம்ம மட்டுந்தான் இருப்போமா?”

“இல்லங்க ஐயா. ஒரு பெரிய சேர்வர்ல நூறு, நூத்தம்பது வெப்சைட் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். அதனாலதான் மலிவு.”

“ஒரே கூரை?”

“அப்படிச் சொல்லலாங்க.”

“நடுவுல செவுரு?”

“ஒரு மாதிரிச் செவுருதாங்க.”

“பக்கத்துல இருக்கவன் ஆட்டம் போட்டா நமக்குத் தொந்தரவு வருமா?”

சதீஸ்குமாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “கொஞ்சம் ஸ்லோ ஆகும்ங்க.”

தவிசாளர் எழுந்தே விட்டார். “இது லயம்!”

“ஐயா...”

“லயம்தான்! ஒரே கூரை, பத்துக் காம்பரா, மெல்லிசுச் செவுரு, மாச வாடகை! இருநூறு வருஷமா நம்ம சனம் அதுலதான் பொறந்துச்சு, அதுலதான் செத்துச்சு. இப்ப அவங்க பேரையும் கொண்டுபோயி எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் லயத்துல குடிவைக்கச் சொல்றீங்களா? நான் இந்த நாக்காலில இருக்க வரைக்கும், மலையகத் தமிழனோட பேரு சொந்தக் கூரைக்குக் கீழதான் இருக்கும்!”

இராசையா கைதட்டினார். ஷம்ரா குறிப்பெடுத்தாள். அந்தப் பெயர்களுக்குரியவர்கள் அப்போது குடியிருந்த கொழுந்து மடுவம் நிகழ்ச்சிநிரலில் இல்லாததால், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சொந்த சேர்வர் வாங்குவதென்று முடிவாயிற்று. சதீஸ்குமார் இரண்டாவது தாள் எழுதினான். நிமிர்த்தி வைக்கும் சின்ன சேர்வர் ஒன்று. நான்கு கோர் புரொசசர் போதும். பதினாறு ஜீபி மெமரி. ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்ற இரண்டு டிஸ்க். கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ். மூன்று வருட உத்தரவாதம். மிச்சப் பணத்தில் நல்ல இன்டர்நெட் இணைப்பு ஒன்று. ஏனென்றால் மெஷின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆட்கள் வந்து போவது அந்தக் கம்பி வழியாகத்தான்.

பதின்மூன்றாம் நாள் இராசையா அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“ஒரே நேரத்துல அம்பது பேருன்னு எழுதியிருக்கீங்க. இந்த அம்பது எங்க இருந்து வந்துச்சு?”

“ஒரு மதிப்பீடுதான் சேர்.”

“மதிப்பீடா! ஆள் கணக்குல ஏது தம்பி மதிப்பீடு? காலைல ஆள் எண்ணுற பெரட்டுக் களத்துல நின்னு ஒரு நாளாச்சும் பேர் போட்டிருக்கீங்களா? ஆறரைக்குப் பெரட்டுன்னா ஆறரைக்கு அம்புட்டுப் பேரும் ஒன்னா வந்து நிப்பாங்க. வெப்சைட்டத் தொறந்தா மட்டும் ஒவ்வொருத்தரா வருவாங்களோ?”

அவர் ஒரு நீளமான பேரேட்டை எடுத்து மேசையில் போட்டார். ஊவாவிலுள்ள தோட்டங்களின் செக்ரோல் என்னும் ஆள்பதிவேடுகளிலிருந்து தானே கைப்பட எடுத்த கூட்டுத்தொகை. பென்சன் போனவர்களும் சேர்த்தி. பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் அவர்கள் அரைப்பேர். மொத்தம், ஒரே விநாடியில் வரக்கூடியவர்கள்: எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டரை.

“இதுல செத்தவங்க பேரும் இருக்கும்போல இருக்கே சேர்” என்றாள் ஷம்ரா, ஒரு பக்கத்தைப் புரட்டி.

“செக்ரோல்ல பேரு இருந்தா பேருதான்.”

கணக்குப்படி மெமரி பதினாறிலிருந்து எண்ணூறைத் தாண்டியது. இராசையா அங்கேயும் நிற்கவில்லை.

“இதுக்கு மேல ஈரத்துக்குக் கூட்டணும்.”

“ஈரத்துக்கா?”

“தம்பி, கொழுந்து நிறுக்குறப்ப ஈரம், சாக்குன்னு எவ்வளவு கழிப்போம் தெரியுமா? ஆளுக்கு நாலு கிலோ வரைக்கும் நானே கழிச்சிருக்கேன். நல்ல வெயில் காலத்துலயும் கழிச்சிருக்கேன். முப்பத்தெட்டு வருஷத்துல துரைக்கு ஒரு கிலோ நட்டம் வந்தது கெடையாது. நிறுக்குறப்பக் கழிச்சா, வாங்குறப்பக் கூட்டணுமா இல்லையா? இங்க வருஷத்துல எட்டு மாசம் பனிமூட்டம்.”

மெமரி ஒரு டெராபைட் ஆனது. புரொசசர் இரண்டு, கோர்கள் அறுபத்துநான்கு. அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் ‘வெளிநிபுணரின் ஆலோசனையின் பேரில்’ என்று இருந்தது. இன்டர்நெட் இணைப்பைப் பற்றிய வரியை, அது கண்ணுக்குத் தெரியாத பொருளென்பதால் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று நீக்கிவிட்டார்கள்.

சதீஸ்குமார் நேராகப் பதுளைக் கடைவீதிக்குப் போய், கணினிக் கடை ஹாஷிம் நானாவிடம் விவரத்தைக் காட்டினான். ஹாஷிம் நானா வாசித்துவிட்டு, வாசலைப் பார்த்து யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மறுபடியும் வாசித்தார்.

“தம்பி, நான் யாவாரி. பெரிசா வித்தா எனக்குத்தான் லாபம். ஆனா இத நான் எந்த முகத்த வெச்சி விக்கிற? பேங்க் நடத்தப் போறாங்களா?”

“ஒரு பட்டியல் போடணும் நானா. நாப்பது பக்கம்.”

“நீங்க முதல்ல எழுதின சின்னது என்ட்டயே ஈக்கி. அந்தா, அந்த மேசைக்குக் கீழ. இப்ப தூக்கிட்டுப் போனா அந்திக்கு வேல செய்யும்.”

அந்தச் சின்னதற்கே ஹாஷிம் நானா விலைமனுப் போட்டார். ‘விலை சந்தேகத்துக்கிடமான அளவுக்குக் குறைவு’ என்று அது தள்ளுபடியானது. கொழும்பிலிருந்து வந்த மனு ஏற்கப்பட்டது. அதன் தொகை நான்கு வீடு கட்டும் காசு. வீடமைப்பு நிதியிலிருந்து எடுத்தார்கள். வேறு நிதி சபையிடம் இல்லை.

“அம்மா, இன்னும் கொஞ்ச நாளுதான்” என்று சதீஸ்குமார் போனில் சொன்னான்.

“நீ இதையேதான் ஸ்கூல்ல ஏஎல் பரீட்சைல பெயிலானப்பவும் சொன்ன” என்றாள் இராக்கம்மா. “எம் பேரு இருக்கா இல்லியா? ரெண்டுல ஒன்னு சொல்லு. இல்லேன்னா நான் பாட்டுக்கு வந்து அந்த அலுமாரிய ஒடைக்கிறேன்.”

முப்பத்தோராம் நாள் சேர்வர் வந்து இறங்கியது. படுக்கை வசத்தில் நீண்ட, ஒரு ஆள் தூக்க முடியாத இரும்புப் பெட்டி. அதைப் பொருத்தும் சட்டகம் விவரக்குறிப்பில் இல்லாததால் வரவில்லை. சபை அலுவலகத்து மேசைமேல் வைத்து, மாலை போட்டு, படம் எடுத்தார்கள். சதீஸ்குமார் பிளக்கைக் கையில் எடுத்தபோது இராசையா தடுத்தார்.

“இந்தக் கட்டடம் யாரோடது?”

“சபையோடது” என்றான் சதீஸ்குமார்.

“வாடகை” என்றாள் ஷம்ரா.

எல்லாரும் தவிசாளரைப் பார்த்தார்கள். சொந்தக் கூரை என்று அவர் பேசியது தீர்மானமாகப் பதிவாகியிருந்தது, பத்திரிகையிலும் வந்திருந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “கொள்கைன்னா கொள்கைதான். வாடகைக் கட்டடத்துல இதை ஒரு நிமிசமும் வைக்க விடமாட்டேன். சபைக்குச் சொந்தமா என்ன கட்டடம் இருக்கு?”

ஷம்ரா பதிவேட்டைப் பார்த்தாள். சபைக்குச் சொந்தமாக இருந்தவை, பூனாகலைப் பக்கத்துப் புதிய குடியிருப்பில் கட்டி முடிந்த இருபத்திரண்டு வீடுகள் மட்டுமே. இன்னும் யாரிடமும் சாவி கொடுக்கப்படவில்லை. அவற்றில் ரோட்டோரமாக லொறி போகக்கூடியது ஒன்று, இலக்கம் பதினேழு.

முப்பத்துநான்காம் நாள் சதீஸ்குமாரும் நான்கு ஆட்களும் சேர்வரைத் தூக்கிக்கொண்டு பதினேழாம் இலக்க வீட்டுக்குள் போனார்கள். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, டைல்ஸ் தரை, சமையலறையில் பைப்பைத் திறந்தால் தண்ணீர். நடு அறையில் ஏசி பொருத்தினார்கள். பக்கத்து மடுவத்திலிருந்து இராக்கம்மா இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வாசல்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“நல்ல வீடு. யாருக்குடா இது?”

“கொஞ்ச நாளைக்கு மெஷினுக்கும்மா.”

“செருப்பக் கழட்டிட்டுப் போடா உள்ள. யாரு வீடோ என்னவோ.”

சேர்வரை இயக்கியதும் தேயிலை ஆலையில் ரோலர் ஓடுவதுபோல் இரைந்தது. இணைப்புக்கு, ரோட்டுக் கம்பத்திலிருந்து தொலைபேசிக் கம்பி ஒன்றை இழுத்தார்கள். வெளிநிபுணர் இராப்பகலாக உட்கார்ந்து இணையதளத்தைத் தயார் செய்தார். பட்டியலை மட்டும் ஏற்றினால் போதும். சதீஸ்குமார் சபைக்கு எழுதினான். பதில் வந்தது: கொள்ளளவுப் பரிசோதனை நடக்காமல் எந்த இயந்திரத்தையும் சபை பாரமெடுப்பதில்லை.

அந்தப் பரிசோதனையைக் கணினியிலிருந்தே பத்து நிமிடத்தில் செய்யலாம் என்று சதீஸ்குமார் சொல்லிப் பார்த்தான். இராசையா சிரித்தார். “ஆள் இல்லாமப் பெரட்டா?”

நாற்பதாம் நாள், பதுளை நகரில் ஒரு மைதானம். இணையதளம் எதற்காக? சனங்கள் ஒருநாள் சம்பளத்தை விட்டு, இரண்டு பஸ் ஏறிப் பதுளைக்கு அலையக்கூடாது என்பதற்காக. அந்த இணையதளத்தைப் பரிசோதிப்பதற்காக ஆயிரத்து நூற்று நாற்பது குடும்பத் தலைவர்களும் ஒருநாள் சம்பளத்தை விட்டு, லொறிகளில் பதுளைக்கு வரவழைக்கப்பட்டார்கள். எண்பத்தாறாயிரத்துச் சொச்சம் பேரையும் திரட்ட முடியாததில் இராசையாவுக்கு மனக்குறைதான். டிவிசன் வாரியாக வரிசை. கையில் போன் உள்ளவர்கள் முன்னால். இல்லாதவர்கள் பின்னால், அரைப்பேர். வரிசையை ஒழுங்குபடுத்துவதற்குள் மழை வந்து போனது.

இராசையா மைக்கைப் பிடித்தார். “நல்லாக் கேட்டுக்கங்க. தப்பு மேளம் அடிச்ச ஒடனே எல்லாரும் ஒன்னா அமுக்கணும். முந்தி அமுக்கக் கூடாது. பிந்தி அமுக்குறவங்க பேரு வெட்டப்படும்.”

தப்பு முழங்கியது. ஆயிரம் விரல்கள் ஒன்றாக அமுங்கின. அத்தனை போனையும் ஒரே இடத்தில் கண்ட டவர் அந்தக் கணமே படுத்துவிட்டது. ஒரு போனில் மட்டும் பாட்டு வந்தது. அதை வைத்திருந்த கிழவனார் அதை அணைக்கத் தெரியாமல் வேட்டி மடிப்புக்குள் ஒளித்தார். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், பதினேழாம் இலக்க வீட்டில், சேர்வருக்கு ஒருவர்கூட வந்து சேரவில்லை.

இராசையா அறிக்கையில் எழுதினார்: ‘சேர்வர் ஒரு தடவையும் நிற்கவில்லை. பரிசோதனையில் சித்தி.’

சதீஸ்குமாரின் கண் மேடையில் நின்றது. தவிசாளரின் அக்குளில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அதன் மேல் தவிசாளரின் கையெழுத்து. அவன் மேடைக்கு ஏறிவிட்டான்.

“ஐயா, பட்டியல் உங்க கையில இருக்கு. மைக் இருக்கு. ஆயிரத்து நூத்தி நாப்பது பேரும் முன்னாலயே நிக்கிறாங்க. வாசிச்சிடுங்கய்யா. ஒரு மணித்தியாலம்.”

தவிசாளர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “படிச்ச புள்ள நீங்களே இப்படிப் பேசலாமா? காகிதத்தப் பாத்து வாசிச்சா அது காகித வெளியீடு. சுற்றறிக்கைக்கு விரோதம். நானே போட்ட சுற்றறிக்கை.”

“இன்னும் அஞ்சு நாளுதான்ய்யா இருக்கு!”

கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. இராக்கம்மா முன் வரிசைக்கு வந்திருந்தாள். “ஐயா, எல்லாத்தையும் வாசிக்க வேணாம். எம் பேரு ஒன்ன மட்டும் பாத்து, இருக்குன்னா தலைய ஆட்டுங்க. வாயத் தொறக்கவே வேணாம்.”

தவிசாளர் மைக்கை வாங்கினார். கையை உயர்த்தினார். “அம்மா! ஒங்க பேருக்கு மரியாத குடுக்குறதுக்குத்தாம்மா இவ்வளவு செலவு. நேத்து வரைக்கும் ஒங்க பேரு செக்ரோல்ல கெடந்துச்சு. இனி அது அறுபத்துநாலு கோர்ல இருக்கும்!”

முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். தப்புக்காரரும் பழக்கத்தில் ஒரு அடி அடித்தார். தலையை மட்டும் தவிசாளர் ஆட்டவில்லை.

இணையதளத்தின் திறப்பு விழா நாற்பத்தைந்தாம் நாளுக்கு வைக்கப்பட்டது. சுபநேரம் மாலை நான்கு மணி ஆறு நிமிடம். ஆட்சேபனை ஏற்கும் நேரம் அலுவலக நேரப்படி நான்கு பதினைந்துக்கு முடியும். “ஒம்பது நிமிசம் இருக்கே” என்றார் இராசையா. “என் காலத்துல துரைகிட்ட ஒரு நிமிசம் பேச முடியாது.”

பட்டியல் முத்திரை வைத்த உறையில் ஒரு பென்டிரைவாக வந்தது. தவிசாளர் அதைப் பதுளை அலுவலகக் கணினியில் தம் கையாலேயே சொருகிப் பொத்தானை அமுக்கினார். அங்கிருந்த பெரிய திரையில் இணையதளம் திறந்தது. முதலில் வந்தது தவிசாளரின் படம். கொழும்பு ஸ்டூடியோவில் எடுத்தது, பட்டியலைப்போல் அறுபது மடங்கு கனம். அதை முகப்பில் போட்டாக வேண்டும் என்பது எழுத்து மூல உத்தரவு. பதினேழாம் இலக்க வீட்டில் ஒரு டெராபைட் மெமரி கைகட்டி நிற்க, தொலைபேசிக் கம்பி வழியாக அந்தப் படம் நெற்றியிலிருந்து இறங்கத் தொடங்கியது. நான்கு எட்டுக்கு மூக்கு. நான்கு பத்துக்குக் கழுத்து மாலை. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நான்கு பதினொன்றுக்குப் பட்டியல் வந்தது. சதீஸ்குமார் தன் மடிக்கணினியில் தாயின் பெயரைத் தேடினான். இருந்தது.

பதினேழாம் இலக்கம். ‘இராக்கம்மா’ என்ற பெயர், நடுவில் ஒரு கோடு. அடுத்த நிரலில்: ‘திருத்தப்பட்ட பயனாளி: சேர்வர், சொத்து இல. 0001.’ குறிப்பு: ‘இடம் தேவைப்பட்டதால்.’

தான் தூக்கிக்கொண்டு போய்த் தாயின் வீட்டில் வைத்தது எதை என்று அவனுக்குப் புரிய அரை நிமிடம் பிடித்தது. மிச்சம் மூன்றரை. ஆட்சேபனைப் படிவத்தைத் திறந்து, பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் நிரப்பினான். கடைசிக் கட்டம்: ‘எவருக்கு எதிராக ஆட்சேபனை தெரிவிக்கிறீர்களோ அவரது தேசிய அடையாள அட்டை இலக்கம்.’ நிரப்பாமல் அனுப்ப முடியாது. இராசையா சொல்லி, அவனே கட்டாயமாக்கி எழுதிய கட்டம் அது. மொட்டை மனு வரக்கூடாதாம்.

சேர்வரின் சொத்து இலக்கத்தை அடித்தான். படிவம் மறுத்தது. பெட்டியின் தொடர் இலக்கத்தை அடித்தான். மறுத்தது. “சேர்! இதுக்கு ஐடி நம்பர் என்ன?” என்று கத்தினான்.

“யாருக்கு?”

“சேர்வருக்கு!”

“அதுக்கு ஐடி எடுக்க இன்னும் பதினாறு வயசாகலியே” என்றார் இராசையா, மிகுந்த யோசனைக்குப் பின்.

நான்கு பதினைந்து. படிவம் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பகுதி மட்டும் விநாடி பிசகாமல் வேலை செய்தது. அன்று முழுக்க இணையதளத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர்: சதீஸ்குமார், ஷம்ரா, ஹாஷிம் நானா, தம் படத்தை மறுபடி பார்க்க வந்த தவிசாளர்.

சதீஸ்குமார் அடுத்த பஸ்ஸில் பூனாகலைக்குப் போனான். இராக்கம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ஒரு இரும்புப் பொட்டிக்கா?”

“ஆமாம்மா.”

“நாந்தானடா டீ ஊத்திக் குடுத்தேன்.”

சபைக்கு மனு, மேல்மனு, நேரில் சந்திப்பு எல்லாம் நடந்தன. பட்டியல் இறுதியானது, இனிக் கடவுளே வந்தாலும் திருத்த முடியாது என்றார் தவிசாளர், உண்மையான வருத்தத்தோடு. “ஒங்க அம்மா செஞ்ச தியாகத்த என் அடுத்த பேச்சுல சொல்றேன் தம்பி.”

மாற்றம் வந்தது வேறு வழியாக. வீடு வாங்கியவர்கள் உண்மையில் குடியேறினார்களா, அல்லது பூட்டிப் போட்டுவிட்டார்களா என்று பார்க்க மூன்றாம் வாரம் ஒரு பரிசோதகர் வந்தார். பதினேழாம் இலக்கத்தைப் பற்றி இப்படி எழுதினார்: ‘பயனாளி வீட்டில் இருந்தார். கேட்ட கேள்விகளுக்குப் பதிலளிக்கவில்லை. சமையல் நடந்த அடையாளம் இல்லை. முப்பது நாளுக்குள் அடுப்பு மூட்டாவிடில் ஒப்படைப்பு இரத்தாகும், விதி 31.’

சபை நடுங்கிப்போனது. வீடு இரத்தானால் சேர்வர் வாடகைக் கட்டடத்துக்குப் போக வேண்டும், கொள்கை என்னாவது? கமிட்டி மூன்று தடவை கூடியது. சேர்வரை அடுப்பு மூட்டவைக்கும் வழி யாருக்கும் தோன்றவில்லை. நான்காம் தடவை ஷம்ரா தலையைத் தூக்காமலே சொன்னாள். “அதே விதில இன்னொண்டும் ஈக்கி சேர். தனியா வசிக்கிற பயனாளி, தங்கி வாழ்ற ஒராளச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்றவரு அடுப்பு மூட்டினாலும் சரி.”

அப்படித்தான் ஒரு புதன்கிழமை இராக்கம்மா பதுளைக்கு வந்து, ஷம்ராவின் மேசைக்கு முன்னால், சதீஸ்குமாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இராசையாவே குடும்ப அட்டையை எழுதினார். குடும்பத் தலைவர்: சேர்வர். தங்கி வாழ்பவர்: இராக்கம்மா, வயது அறுபத்தொன்று. அடுத்த நிரலில் பேனா நின்றது.

“குடும்பத் தலைவருக்கு நீங்க என்ன உறவு?”

“என்ன சேர் கேள்வி இது?” என்றான் சதீஸ்குமார். “அது மெஷினு!”

“தம்பி, நிரலக் காலியா விட்டா அட்டை செல்லாது. முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஒரு நிரலயும் காலியா விட்டது கெடையாது. அம்மா, நீங்க சொல்லுங்க.”

இராக்கம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

“எம் மகன்னு போடுங்க.”

“அம்மா!”

“நீ சும்மா இருடா. பெத்தது இத்தன வருஷமா ஒரு வீடு வாங்கித் தரல. இது வந்த மறுமாசமே வாங்கிருச்சு. போடுங்க சேர், வளர்ப்பு மகன்.”

இராசையா எழுதினார், கையெழுத்து வாங்கினார், முத்திரை குத்தினார். இராக்கம்மா அன்றைக்கே சட்டி பானையோடு குடியேறினாள். சபை ஒரு நிபந்தனைதான் விதித்தது: குடும்பத் தலைவரின் உடல்நிலை கருதி, ஏசியைப் பதினெட்டு டிகிரியிலிருந்து இரவும் பகலும் அசைக்கக் கூடாது. பூனாகலையில் அப்போது பனிமூட்டக் காலம்.

ஒரு வாரம் கழித்து, பேக்கரிக்கு மேலேயுள்ள அறையில் சதீஸ்குமார் யாருடையதோ ஒரு கீபோர்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னணியில் ரோலர் இரைச்சல்.

“எப்படிம்மா இருக்க?”

“இருக்கேன். வீடு நல்லாத்தான் இருக்கு. பல்லுத்தான் தந்தி அடிக்குது.”

“என்னம்மா வேணும்?”

“ஒந் தம்பிக்குக் குளிரு வேணுமாம்” என்றாள் இராக்கம்மா. “எனக்கு ரெண்டு கம்பளி வாங்கிட்டு வா.”